எண் ஏறிவிட்டது, கட்டி அங்கேயே இருக்கிறது

பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் தொடையில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. பிறந்தபோதே லேசாக இருந்திருக்கும். மச்சம் என்று விட்டிருப்பார்கள். திடீரென இரண்டே நாளில் அது ஊதா நிறமாகி, பளபளவென்று வீங்குகிறது. தொட்டால் சூடு. அழுத்தினால் பலகை போல இறுக்கம். சுற்றிலும் கன்றிப்போன நிறம் பரவுகிறது. ரத்தப் பரிசோதனை செய்தால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 15,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத எண் அது. அந்த நிமிடத்திலிருந்து வார்டில் எல்லோருடைய கண்ணும் அந்த எண்ணின் மேல்தான்.

அந்த எண் இரண்டு முறை ஆளை ஏமாற்றும். முதல் வாரத்தில், எப்படியாவது அதைத் தூக்கிவிட வேண்டும் என்று பிளேட்லெட்டைப் பை பையாக ஏற்ற வைக்கும். ஓராண்டு கழித்து, 3 லட்சத்தில் நின்றுகொண்டு, "சரியாகிவிட்டது, இனி வர வேண்டாம்" என்று சொல்ல வைக்கும். இரண்டு தடவையும் கவனத்திலிருந்து நழுவுவது கட்டிதான். கே.எச்.இ. என்ற இந்த ரத்தக்குழாய்க் கட்டி நோயில் பிளேட்லெட் ஒரு விளைவு. நோய் கட்டியில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் சிகிச்சையும் புரியும், பத்து வருஷம் கழித்து வரும் தொல்லைகளும் புரியும்.

இது எந்தக் கட்டி

கபோசிஃபார்ம் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா. சுருக்கமாக கே.எச்.இ. இதே குடும்பத்தில் சற்றுச் சாதுவான உறவு டஃப்டட் ஆஞ்சியோமா. இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள் என்றே இப்போது பலரும் கருதுகிறார்கள். டஃப்டட் ஆஞ்சியோமா பெரும்பாலும் தோலோடும் அதன் அடிக்கொழுப்போடும் நின்றுவிடும். கே.எச்.இ. அப்படி நிற்காது. தோல், கொழுப்பு, தசையுறை, தசை, சில சமயம் எலும்பு, மூட்டு என்று எல்லையே பார்க்காமல் ஊடுருவும். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குத் தாவிப் பரவும் புற்றுநோய் இல்லை. ஆனால் இருக்கிற இடத்தில் அது செய்யும் அழிச்சாட்டியம் கொஞ்சமல்ல.

அரிதானது. பாஸ்டனில் ஒரு சிறப்பு மையம் 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கோடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 7 பேர். கண்டுபிடிக்கப்படாமல் போனவர்களையும் சேர்த்தால் கூடுதலாகத்தான் இருக்கும். அதே ஆய்வில் கே.எச்.இ. உள்ள குழந்தைகளில் 10-ல் 7 பேருக்கு பிளேட்லெட் அபாயகரமாகச் சரிந்திருந்தது. இந்தச் சரிவுக்குக் கசாபாக்-மெரிட் நிகழ்வு என்று பெயர். 1940-ல் நியூயார்க்கில் கசாபாக், மெரிட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கைக்குழந்தையிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ராட்சத ஹீமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டிதான் காரணம் என்று அன்று நம்பப்பட்டது. கே.எச்.இ. தனிப் பெயரோடு விவரிக்கப்பட்டதே 1993-ல்தான். சாதாரண ஹீமாஞ்சியோமா இதைச் செய்வதில்லை, கே.எச்.இ.யும் டஃப்டட் ஆஞ்சியோமாவுமே செய்கின்றன என்பதை 1997-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பழி வேறொரு கட்டியின் மேல் கிடந்திருக்கிறது.

இதை வெறும் வரலாறு என்று ஒதுக்க முடியாது. குழந்தைகளுக்கு வரும் ரத்தக்குழாய்க் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரண ஹீமாஞ்சியோமாதான். முதல் சில வாரங்களில் தலைகாட்டும், ஐந்து மாதத்துக்குள் வளர்ச்சியில் பெரும்பகுதியை முடித்துக்கொள்ளும், பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். தொல்லை கொடுத்தால் புரொப்ரனோலால் மருந்துக்கு (கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி.) அழகாகக் கேட்கும். "தானாகப் போய்விடும், பயப்படாதீர்கள்" என்ற ஆறுதல் அந்தக் கட்டிக்குச் சரி. கே.எச்.இ.க்கு அதே ஆறுதலைச் சொன்னால் குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். இது புரொப்ரனோலாலுக்குப் பெரும்பாலும் மசியாது. முழுதாக மறைவதும் இல்லை.

(போகிற போக்கில் ஒன்று: சாதாரண ஹீமாஞ்சியோமாவே தோலில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தால் தைராய்டு ஹார்மோனைச் சிதைக்கும் நொதியை அந்தக் கட்டியே சுரக்கும். தைராய்டு அளவும் பார்க்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

ஏற்றியது எங்கே போகிறது

கே.எச்.இ.யின் குழாய்கள் நேரான குழாய்கள் அல்ல. கதிர் வடிவச் செல்கள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, நடுவில் பிளவு போன்ற குறுகிய வழிகள். அந்தச் செல்களின் இயல்பில் நிணநீர்க் குழாயின் சாயல் அதிகம். அவற்றின் மேற்பரப்பில் போடோபிளானின் என்ற புரதம் இருக்கிறது. பிளேட்லெட்டுக்கு அந்தப் புரதத்தைக் கண்டால் போதும், தூண்டப்பட்டு ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரத்தக்குழாய்ச் சுவரில் அது கிடையாது என்பதால் இந்தச் சந்திப்பே நிகழாது. இங்கே நிகழ்கிறது, அதுவும் ஓயாமல். பிளேட்லெட் திரள்கிறது, உறைவதற்காக ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் செலவாகிறது, உறைந்தது கரையும்போது மிஞ்சும் டி-டைமர் என்ற துணுக்கு எகிறுகிறது, குறுகிய வழிகளில் மாட்டிய சிவப்பணுக்கள் உடைகின்றன, கட்டிக்குள்ளேயே ரத்தம் கசிகிறது. கட்டி வீங்குகிறது. வீங்கிய கட்டி இன்னும் பிளேட்லெட்டை இழுக்கிறது.

இந்த நேரத்தில் வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றினால் அது நேராகக் கட்டிக்குள்தான் போகும். ஏற்றிய சில மணி நேரத்தில் எண் பழைய இடத்துக்கே திரும்பும். கட்டி முன்பைவிடப் பெரிதாகவும் இறுக்கமாகவும் வலி மிகுந்ததாகவும் இருக்கும். கழுத்திலோ மார்புக்குள்ளோ இருக்கிற கட்டி என்றால் மூச்சுக்குழல் நெருக்கப்படும். இதைப் பார்த்து இன்னொரு பை ஏற்றுவது, அது பலிக்காமல் மூன்றாவது பை ஏற்றுவது என்று போனால் எங்கே முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நடைமுறை விதி இது. எண் 10,000-க்கு வந்துவிட்டது என்பது மட்டும் பிளேட்லெட் ஏற்றக் காரணம் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் ரத்தக்கசிவு இருந்தால் ஏற்றலாம். அறுவை சிகிச்சையோ மையச் சிரைக்குழாய் (பெரிய சிரைக்குள் வைக்கும் மருந்துக் குழாய்) பொருத்துவதோ இருந்தால், முந்தைய நாள் இரவே ஏற்றி வைத்துப் பயனில்லை. கத்தி வைக்கும் நேரத்தை ஒட்டி ஏற்ற வேண்டும். கசிவு இருந்து ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழே போயிருந்தால், அது செறிந்த ரத்தப்பொருளான கிரையோபிரெசிபிடேட் கொடுப்பார்கள். ரத்தசோகை குழந்தையை வாட்டினால் சிவப்பணு ஏற்றலாம். அதற்குத் தடை இல்லை. தசை ஊசி கூடாது. கட்டி உள்ள கை காலில் ரத்தம் எடுப்பது, ரத்த அழுத்தப் பட்டை கட்டுவது, தைலம் தேய்ப்பது எதுவும் கூடாது. அடி, தொற்று, அறுவை எல்லாமே கட்டியைக் கிளறிவிடக்கூடியவை.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். பெரிய சிரைக் குறைபாடு (பிறவியிலேயே சிரைகள் தாறுமாறாக அமைவது) உள்ளவர்களுக்கும் டி-டைமர் கூடும், ஃபைப்ரினோஜன் குறையும். அது குழாய்க்குள் தேங்கிய ரத்தம் உறைவதால் வருவது. அங்கே பிளேட்லெட் கொஞ்சம்தான் குறையும், ஹெப்பாரின் நன்றாக வேலை செய்யும். கே.எச்.இ.யில் பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போகும். ஹெப்பாரின் உதவாது, ரத்தக்கசிவைக் கூட்டும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் கசாபாக்-மெரிட் என்ற ஒரே பெயரைச் சூட்டி எழுதுவது இன்றும் நடக்கிறது. கேஸ் ஷீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் பிளேட்லெட் எவ்வளவு என்று உடனே பாருங்கள்.

கண்டுபிடிக்கும் வழி

கட்டி தோலில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்போதும் அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவதுண்டு. அதுதான் நடக்கவே கூடாத தவறு. சிவப்பு, சூடு, வீக்கம் மூன்றும் இருப்பதால் ஏமாறத் தோன்றும். கீறுவதற்கு முன் பிளேட்லெட் எண்ணிக்கை பார்ப்பது ஒரு சின்னக் குழாய் ரத்தத்தில் முடிகிற காரியம். அடிபட்ட ரத்தக்கட்டு என்று எடுத்துக்கொண்டு, குழந்தையை யார் அடித்தார்கள் என்று பெற்றோரை விசாரிக்கும் நிலையும் வரலாம்.

கட்டி வயிற்றின் பின்புறத்திலோ மார்புக்குள்ளோ ஒளிந்திருந்தால்தான் சிக்கல். தோலில் ஒன்றும் தெரியாது; பிளேட்லெட் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். தாயின் எதிரணுக்களால் வந்த குறைவோ, ரத்தத்தில் கிருமித் தொற்றோ என்று தேடல் வேறு பக்கம் போகும். இங்கே ஃபைப்ரினோஜன் கைகொடுக்கும். எதிரணுக்களால் பிளேட்லெட் குறைந்தால் ஃபைப்ரினோஜன் விழாது. பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜனும் சேர்ந்து விழுந்து, டி-டைமர் ஏறி, குழந்தைக்குத் தொற்றின் வேறு அடையாளம் எதுவும் இல்லையென்றால், வயிறு, மார்பு இரண்டையும் படம் எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. ஆழத்தில் இருப்பவைதான் பிளேட்லெட்டை அதிகம் விழுங்குபவையும்கூட. கணையத்தை ஒட்டிய கட்டி பித்தநாளத்தை அடைத்து மஞ்சள்காமாலையாக வெளிப்படுவதும் உண்டு.

முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ.யில் எதைத் தேட வேண்டும் என்றால், விளிம்பு தெளிவில்லாமல், டி2 படத்தில் வெளிச்சமாக, தோலிலிருந்து தசை வரை பல அடுக்குகளைத் தாண்டிப் போகும் திரள். கொழுப்பில் இழை இழையாகக் கோடுகள். சாதாரண ஹீமாஞ்சியோமா அழகாக வரம்பு கட்டி உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசம் பழகிய கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

பயாப்சி எடுத்தால் உறுதி. நுண்ணோக்கியில் குளூட்-1 சாயம் ஏறாது. டி2-40 போன்ற நிணநீர்க் குறிகள் ஏறும். சாதாரண ஹீமாஞ்சியோமாவில் குளூட்-1 தவறாமல் ஏறும். ஆனால் பிளேட்லெட் 8,000-ல் இருக்கிற குழந்தையிடம் திசு எடுப்பது விளையாட்டல்ல. தோற்றம், ரத்த அளவுகள், எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் பயாப்சி இல்லாமலே மருந்தைத் தொடங்கிவிடலாம், எண் ஏறிய பிறகு வேண்டுமானால் எடுக்கலாம் என்பதுதான் இந்த நோயைக் கையாளும் பெரும்பாலோர் வழி. என் கருத்தும் அதுவே. மூன்றில் ஒன்று பொருந்தவில்லை என்றால் மட்டும் அபாயத்தைத் தாங்கிக்கொண்டு திசு எடுக்கத்தான் வேண்டும். வேறு புற்றுக்கட்டி ஒளிந்திருக்கலாம்.

மருந்து

2013-ல் வல்லுநர் குழு ஒன்று கூடி, ஸ்டீராய்டும் வாரம் ஒருமுறை சிரையில் ஏற்றும் புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டினும் என்று பரிந்துரைத்தது. வின்கிறிஸ்டின் சிரைக்கு வெளியே கசிந்தால் சதையை வேகவைத்துவிடும். அதனால் மையச் சிரைக்குழாய் வேண்டும். அதைப் பொருத்த பிளேட்லெட் ஏற்ற வேண்டும். மேலே சொன்ன சங்கடம் முதல் நாளே வந்து நிற்கும். மலச்சிக்கல், நரம்புத் தளர்ச்சி, பாதம் தொங்குவது என்று பக்க விளைவுகளும் உண்டு. முன்பு கொடுத்த இன்டர்ஃபெரான் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கால்களில் விறைப்பு வாதத்தைக் கொண்டுவந்ததால் கைவிடப்பட்டது. கதிர்வீச்சு எலும்பு வளர்ச்சியை நிறுத்தும், பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழி வைக்கும். இன்று இவை இரண்டும் கடைசிப் புகலிடம்கூட இல்லை என்பேன்.

இன்றைய முதன்மை மருந்து வாயால் கொடுக்கும் சிரோலிமஸ். செல்களின் வளர்ச்சிச் சங்கிலியில் எம்-டோர் என்ற கண்ணியை அது அடக்குகிறது. பிளேட்லெட் சரிந்த குழந்தைகளுக்கு அதோடு சில வாரங்கள் பிரெட்னிசலோன், கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. இந்தச் சேர்க்கை தேவையா என்பதற்கு 2022-ல் சீனாவிலிருந்து வெளிவந்த சோதனை பதில் சொன்னது. 73 குழந்தைகள். நான்காம் வாரத்தில் நிலையான பிளேட்லெட் முன்னேற்றம் கண்டவர்கள், இரண்டு மருந்தும் பெற்ற 37 பேரில் 35. சிரோலிமஸ் மட்டும் பெற்ற 36 பேரில் 24. இவ்வளவு அரிய நோயில் இப்படிக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்ததே பெரிய காரியம்.

அளவு பற்றி. முதலில் பரவலான தொடக்க அளவு உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 0.8 மி.கி., நாளைக்கு இருமுறை. ஆனால் பச்சிளங்குழந்தையின் கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும். முதல் வாரங்களில் ஏறக்குறைய இதில் பாதியிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. மூன்றரைக் கிலோ குழந்தையின் உடல்பரப்பு சுமார் 0.22 சதுர மீட்டர். பாதி அளவு என்றால் ஒரு வேளைக்கு 0.09 மி.கி.; மில்லிக்கு 1 மி.கி. உள்ள திரவத்தில் 0.09 மில்லி. ஒரு மில்லி சிரிஞ்சில் ஒன்பது சின்னக் கோடுகள். 5 மில்லி சிரிஞ்சில் இதை அளக்கவே முடியாது. தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளினால் பத்து மடங்கு உள்ளே போகும். மருந்துச் சீட்டில் மி.கி.யும் மில்லியும் இரண்டும் எழுதியிருக்கிறதா, எந்தச் சிரிஞ்ச் என்று செவிலியர் நேரில் இழுத்துக் காட்டினாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டில் குளிர்பெட்டியில், வெளிச்சம் படாமல்.

ரத்தத்தில் மருந்தின் அளவை அடுத்த வேளை கொடுப்பதற்குச் சற்று முன்பாக எடுக்க வேண்டும். காலையில் மருந்தைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுக்கப் போனால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அதைப் பார்த்து அளவைக் குறைத்தால் கட்டி மறுபடி கிளம்பும். முதல் பெரிய ஆய்வில் மில்லிக்கு 10 முதல் 15 நானோகிராம் இலக்காக இருந்தது. அதைவிடக் குறைவிலும் பலன் கிடைப்பதால், சிறு குழந்தைகளுக்கு இப்போது பல மையங்கள் கீழேயே வைத்துக்கொள்கின்றன. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளூகோனசோல் போன்றவை சிரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டல் இறக்கிவிடும். சளி, இருமல் என்று வேறொரு மருத்துவரிடம் போகும்போது சிரோலிமஸ் பாட்டிலையே கையோடு கொண்டுபோவது உத்தமம்.

பயப்பட வேண்டிய பக்க விளைவு தொற்று. சிரோலிமஸ் எடுத்துக்கொண்ட இரண்டு கைக்குழந்தைகள் தொற்றால் இறந்ததை 2018-ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும் மாதங்களில் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரிமாக்சசோல் கொடுப்பது அதனால்தான். பிறந்த முதல் வாரங்களில் காமாலையைக் கூட்டும் என்பதால் அப்போது அதற்கு மாற்று தேவை. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது, அன்றே மருத்துவமனை. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் தள்ளிப் போடப்படும். மற்றவை அட்டவணைப்படி போகும். வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, வெள்ளணு குறைவது ஆகியவை அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. சில வாரம் எடுத்த குழந்தையின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். படிப்படியாகக் குறைத்த பிறகும், கடும் காய்ச்சலோ அறுவையோ வந்தால் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

பலன் தெரிவது எப்படி? எண்ணுக்கு முன்னால் தோலைப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சுருக்கம் விழும், ஊதா வெளுக்கும், இறுக்கம் தளரும், குழந்தை காலை அசைக்க விடும். பிளேட்லெட் ஒன்றிரண்டு வாரத்தில் ஏறத் தொடங்கும். ஒரே சீராக ஏறாது; ஒரு நாள் விழுந்ததற்காக மருந்தை மாற்றி ஓட வேண்டாம்.

எண் சரியான பிறகு

இங்கேதான் பெரும்பாலான குறிப்புகள் நின்றுவிடுகின்றன. இங்கேதான் அடுத்த பதினைந்து வருஷம் தொடங்குகிறது.

கே.எச்.இ. சுருங்கும், தூங்கும், ஆனால் மிச்சம் இருக்கும். நன்றாகக் குணமான குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் தசைக்குள் நாராக இறுகிய திசுவும் தூங்கும் கட்டியும் கலந்து கிடக்கும். சிரோலிமஸை நிறுத்தும்போது அது விழிக்கலாம். ஆறு மாதத்திலேயே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியவர்கள் உண்டு. ஓரிரு வருஷம் கொடுப்பது வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. திடீர் நிறுத்தம் வேண்டாம். மாதக்கணக்கில் குறைத்து, ஒவ்வொரு படியிலும் பிளேட்லெட், ஃபைப்ரினோஜன், டி-டைமர் மூன்றையும் பார்க்க வேண்டும். பிளேட்லெட் இயல்பாக இருந்தபடியே கட்டி மட்டும் வீங்கி வலிக்கலாம். பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

வலிதான் பிற்காலத்தின் முதல் புகார். குழந்தை "வலிக்கிறது" என்று சொல்லாது. விளையாட்டின் நடுவே வந்து உட்காரும். சாயங்காலமானால் தூக்கச் சொல்லும். காலையில் எழுந்தவுடன் சற்று நேரம் கால் விறைத்திருக்கும். நாள் முழுக்க நின்றாலோ ஓடினாலோ அந்த இடம் வீங்கிச் சூடாகும். வளரும் வயதின் கால்வலி என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். வளர்ச்சி வலி பொதுவாக இரண்டு காலிலும் வரும், காலையில் இருக்காது. எப்போதும் கட்டி இருந்த பக்கமே வலித்தால், கட்டியை நினைக்க வேண்டும். இந்த வலிக்கும் சிரோலிமஸ் பலன் தருகிறது, பிளேட்லெட் ஒருநாளும் குறையாதவர்களுக்கும். வயது கூடிவிட்டது, இனி மருந்தில்லை என்று யாரும் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது தசைச் சுருக்கம். கெண்டைக்காலில் கட்டி இருந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். தசையின் ஒரு பகுதி நாராக மாறிவிட்டது, நார் நீளாது, எலும்போ வளர்ந்துகொண்டே போகிறது. குதிகால் தரையைத் தொடாமல் விரல் நுனியில் நடக்கத் தொடங்கும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை நேராக நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு அதையே செய்யுங்கள். முழங்காலை மடக்கும்போது பாதம் இன்னும் மேலே வருகிறது என்றால் இறுகியிருப்பது மேல் கெண்டைத் தசை. இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் அடித்தசையோ மூட்டோ. இரண்டு காலையும் ஒப்பிட்டு, கோணத்தை எழுதி வைக்க வேண்டும். 10 டிகிரி இழப்பைப் பயிற்சியாலும் இரவுப் பட்டையாலும் மீட்கலாம். விட்டுவிட்டால் பின்னால் தசைநாணை நீட்டும் அறுவை வரை போகும். பிசியோதெரபியை நடக்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான தவறு. இறுக்கம் தளர்ந்த முதல் மாதத்திலேயே, பிளேட்லெட் பாதுகாப்பான அளவுக்கு வந்ததும், மென்மையான அசைவுப் பயிற்சி தொடங்கிவிட வேண்டும். கட்டியைப் பிசைவது பயிற்சி அல்ல, அது கூடாது.

தோள், இடுப்பு, முழங்கால் மூட்டுகளைச் சுற்றி இருந்தால் அசைவு குறையும். முதுகுத்தண்டை ஒட்டியோ மார்புச் சுவரிலோ இருந்தால் முதுகு வளையும்; வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் அது சட்டென்று கூடும். குழந்தையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், ஒரு பக்க முதுகு மேடு தட்டுவது எக்ஸ்ரேக்கு முன்னாலேயே தெரியும்.

கால் நீளம் மாறலாம். ரத்த ஓட்டம் கூடிய கால் நீளும்; எலும்பின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டால் குட்டையாகும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள் கணுக்கால் மேடு வரை நாடாவால் அளக்கலாம். குட்டைக் காலுக்கடியில் மரப்பலகைகளை வைத்து இடுப்பு சமமாகும்வரை உயர்த்திப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஒரு செ.மீ. வரை கவலை இல்லை. 2 செ.மீ.யை நெருங்கினால் செருப்பில் உயரம் சேர்ப்பது பற்றிப் பேச வேண்டும். வளர்ந்து முடிக்கும்போது 2 முதல் 5 செ.மீ. வித்தியாசம் வரும் என்று தெரிந்தால், நீளக் காலின் வளர்ச்சித் தட்டை உரிய வயதில் நிறுத்தும் சின்ன அறுவை இருக்கிறது. அந்த வயது கடந்துவிட்டால் அந்த வாய்ப்பும் கடந்துவிடும். அதனால்தான் ஆறு மாதத்துக்கொருமுறை அளவைக் குறித்து வைப்பது வெறும் சடங்கு இல்லை.

சுற்றளவும் அப்படியே. முழங்கால் சில்லுக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. என்று ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லாத வித்தியாசம் வரும். மாலையில் மட்டும் கூடி இரவில் வடிந்தால் அது நீர். கட்டி நிணநீர்ப் பாதைகளோடு பின்னிக் கிடப்பதால் நிணநீர் வீக்கம் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் வீக்கம் நிலைத்துவிட்டது. அழுத்தக் காலுறை, நகக்கண், விரலிடுக்கு சுத்தம், சின்னக் கீறலையும் உடனே கழுவுவது என்று போக வேண்டும். அந்தக் காலில் தோல் தொற்று ஒருமுறை வந்தால் வீக்கம் அடுத்த படிக்கு ஏறிவிடும். காலுறையின் அளவு வளரும் குழந்தைக்கு மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷத்து உறை மேல் விளிம்பில் வெட்டும்.

டஃப்டட் ஆஞ்சியோமா விட்டுச் செல்லும் அடையாளம் வேறு மாதிரி: அந்த இடத்தில் அதிக வியர்வை, முடி, தொட்டால் வலி. மேலோட்டமாக இருப்பவற்றுக்குச் சிரோலிமஸ் களிம்பு சில இடங்களில் பயன்படுகிறது. சின்னதாக, வெட்டி எடுக்கத் தோதாக இருந்தால் அறுவையே தீர்வு. கே.எச்.இ.யில் அந்த அதிர்ஷ்டம் அரிது.

பதின்வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது கோப்பு தொலைகிறது; அங்கே இருப்பவர் இந்த நோயைப் பார்த்திருக்கவே மாட்டார். கையில் வைத்திருக்க வேண்டியவை: பயாப்சி எடுத்திருந்தால் அதன் அறிக்கை, முதல் எம்.ஆர்.ஐ.யும் கடைசி எம்.ஆர்.ஐ.யும் (அறிக்கை மட்டும் போதாது, படங்களும்), பிளேட்லெட் மிகவும் கீழே போன அளவு, கொடுத்த மருந்துகளும் நிறுத்திய தேதிகளும், கால் அளவுகளின் அட்டவணை. பல் பிடுங்குவதோ வேறு எந்த அறுவையோ வந்தாலும், குழந்தைப் பருவ நோயைச் சொல்லி, முன்னதாகப் பிளேட்லெட், ஃபைப்ரினோஜன், டி-டைமர் பார்க்கச் சொல்ல வேண்டும். கட்டி இருந்த பக்கத்தில் அறுவை என்றால், திட்டமிடும் முன் புதிய எம்.ஆர்.ஐ. ஒன்றும்.